கொடையால் நடக்கும் மருத்துவமனை

 

புற்றுநோய் மருத்துவமனைக்கு நன்கொடை என்றவுடன் நம் மனக்கண்முன் முதலில் தோன்றுவது எது? ஒரு பெரிய கட்டடம். அதன் முகப்பில் ஒரு பளிங்குக் கல். அக்கல்லில் கொடுத்தவரின் பெயர். அல்லது பல கோடி ரூபாய் விலையுள்ள ஒரு கதிர்வீச்சுப் பொறி. அதன் அருகே மாலையோடு நின்று எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படம். இவை வேண்டாதவை என்று சொல்ல நான் வரவில்லை. கட்டடமும் பொறியும் இன்றி இந்நோய்க்கு மருத்துவம் செய்ய இயலாது. ஆயினும் இன்று நான் பேச விரும்புவது, எந்தக் கல்லிலும் பொறிக்கப்படாத வேறொரு செலவைப் பற்றி. அது சோற்றுச் செலவு, பேருந்துக் கட்டணம், தங்கும் அறையின் வாடகை, வேலைக்குப் போகாததால் இழந்த நாட்கூலி. இந்தச் சில்லறைச் செலவுகளே ஏழை நோயாளி ஒருவர் பிழைப்பதையும் பிழையாமற் போவதையும் பல வேளைகளில் முடிவு செய்கின்றன.

இது மிகைக் கூற்று என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆகவே புற்றுநோய்க்குச் செய்யப்படும் மருத்துவம் எத்தகையது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். கதிர்வீச்சு மருத்துவத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நோயாளிக்கு வேண்டிய கதிர்வீச்சு முழுவதையும் ஒரே நாளில் செலுத்திவிட்டால், புற்றணுக்களோடு அருகிலுள்ள நல்ல உயிரணுக்களும் அழிந்துவிடும். ஆதலால் மருத்துவர்கள் அதனைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுக்கின்றனர். பெரும்பாலும் வாரத்திற்கு 5 நாள் வீதம் 5 முதல் 7 வாரங்கள் வரை இது தொடரும். ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையில் நல்ல உயிரணுக்கள் தமக்கு நேர்ந்த பழுதைத் தாமே சரி செய்துகொள்கின்றன. புற்றணுக்களுக்கு அந்தத் திறன் குறைவு. இந்த வேறுபாட்டைக் கொண்டுதான் மருத்துவர் நோயை வெல்லுகிறார். நான்காம் வாரத்தில் நோயாளி ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தால் என்ன ஆகும்? எஞ்சியிருந்த புற்றணுக்கள் அந்த இடைவெளியில் மீண்டும் பெருகத் தொடங்கும். முதல் மூன்று வாரங்களில் பட்ட வேதனையின் பயனிற் பெரும்பகுதி வீணாய்விடும்.

மருந்தேற்றும் சிகிச்சையும் இவ்வாறே. மூன்று வாரத்திற்கு ஒருமுறை, மொத்தம் ஆறு முறை என்பது போன்ற கணக்கு அதற்கு உண்டு. குழந்தைகளுக்கு வரும் வெள்ளணுப் புற்றுநோய்க்கோ இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் மருந்து தொடர வேண்டியிருக்கும். இந்நோயின் ஒரு வகை இன்று பெரும்பான்மையான குழந்தைகளிடத்தில் முற்றிலும் குணமாகக் கூடியது. மருத்துவ அறிவு அவ்வளவு தூரம் வளர்ந்துள்ளது. ஆனால் அந்த அறிவு பயன்பட வேண்டுமானால், குழந்தை கடைசி நாள்வரை வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இப்பொழுது ஒரு கூலித் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து அவர் சென்னைக்கு வருகிறார். வாயில் புண். புற்று என்று உறுதியாகிறது. ஆறு வாரம் தங்க வேண்டும் என்கிறார் மருத்துவர். நோயாளி தனியாகத் தங்க முடியாது. உடன் மனைவி இருக்க வேண்டும். அவரும் கூலிக்குப் போகிறவரே. ஆக, இருவர் கூலியும் ஒரே நாளில் நின்று போகின்றன. ஊரில் இரண்டு பிள்ளைகள் பாட்டியின் பொறுப்பில் இருக்கின்றனர். மருத்துவச் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொள்ளும். நடுவண் அரசும் 2018ஆம் ஆண்டு முதல் அத்தகைய திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் இரயிலில் கட்டணச் சலுகை உண்டு. இவையெல்லாம் பெரிய உதவிகள், பாராட்டத்தக்கவை. ஆனால் மனைவி உண்ணும் காலைச் சிற்றுண்டிக்கு யார் கொடுப்பது? இரவில் படுக்க இடம் எது? மூன்றாம் வாரம் ஊரிலிருந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று செய்தி வருகிறது. கையில் இருந்த கடன் பணமும் தீர்ந்துவிட்டது. அன்று மாலை அவ்விருவரும் பேருந்து நிலையத்துக்கு நடக்கின்றனர். அவர்கள் அறியாமையால் போகிறார்கள் என்று நாம் சொல்லிவிடுகிறோம். அது பிழை. கணக்குப் பார்த்துத்தான் போகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் வாழ்நாளைக் கழித்த எனக்கு இது புதிய செய்தி அன்று. கல்வி இலவசம் என்று அறிவித்த மாத்திரத்தில் ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிடவில்லை. வந்தவர்களும் நிலைக்கவில்லை, பசி அவர்களை மாடு மேய்க்கவும் களை பறிக்கவும் இழுத்துச் சென்றது. 1956ஆம் ஆண்டு காமராசர் ஆட்சியில் பகலுணவுத் திட்டம் வந்தபோதுதான் கதை மாறத் தொடங்கியது. அத்திட்டத்திற்கும் ஊர் மக்களின் அரிசியும் பருப்பும் பணமும் தொடக்கத்தில் துணைநின்றன என்பதை இன்றைய மாணவர் பலர் அறியார். சோறு பாடம் கற்பிக்கவில்லை. ஆனால் பாடம் முடியும்வரை பிள்ளையை வகுப்பில் இருக்கச் செய்தது. மருத்துவமனையிலும் கொடையாளரின் பணம் செய்வது இதுவே. அது நோயைத் தீர்ப்பதில்லை. தீரும்வரை நோயாளியை அங்கே இருக்கச் செய்கிறது.

இனி, கொடையாலே எழுந்த ஒரு மருத்துவமனையைப் பார்ப்போம். சென்னை அடையாற்றில் உள்ள புற்றுநோய் நிலையத்தை நீங்கள் அறிவீர்கள். புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912ஆம் ஆண்டு பட்டம் பெற்றவர். சட்டமன்றத்தில் அமர்ந்து பெண்களின் உரிமைக்காகப் போராடியவர். அவருடைய தங்கை 1923ஆம் ஆண்டு புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதென்று காலத்தில் அறியப்படவில்லை. தாம் ஒரு மருத்துவராயிருந்தும் உடன்பிறந்தவளைக் காக்க இயலாமற் போனது அம்மையாரின் உள்ளத்தில் ஆறாத புண்ணாயிற்று. இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று வேண்டும் என்னும் எண்ணத்தை, 1935ஆம் ஆண்டு, தாம் பயின்ற மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அவர் வெளிப்படையாகக் கூறினார்.

கூறிய நாளுக்கும் மருத்துவமனை திறந்த நாளுக்கும் இடையே 19 ஆண்டுகள் ஓடின. 1949ஆம் ஆண்டு இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பெற்றது. 1952ஆம் ஆண்டு அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் மருத்துவமனை செயற்படத் தொடங்கியது. அன்று அங்கே இருந்தவை 12 படுக்கைகள். அம்மையாரின் மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டு டாக்டர் சாந்தா என்னும் இளம் மருத்துவர் அரசு வேலையை விரும்பாது அங்கே வந்து சேர்ந்தார். அவர் நிலையத்தின் வளாகத்திலேயே வாழ்ந்து, 2021ஆம் ஆண்டு ஜனவரியில் மறையும்வரை அதனை விட்டு நீங்கவில்லை. 2005ஆம் ஆண்டு மகசாய்சாய் விருது அவரைத் தேடி வந்தது. 12 படுக்கைகளாகத் தொடங்கியது இன்று பல நூறு படுக்கைகளாகப் பெருகி நிற்கிறது.

இதனோடு பம்பாயில் எழுந்த டாட்டா நினைவு மருத்துவமனையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தொராப்ஜி டாட்டாவின் மனைவியார் மெகர்பாய் 1931ஆம் ஆண்டு இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அத்துயரின் விளைவாகத் தொராப்ஜியின் அறக்கட்டளை பொருள் வழங்கி, 1941ஆம் ஆண்டு பிப்ரவரியில் அம்மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கும் துயரமே விதை. இங்கும் துயரமே விதை. ஆனால் அங்கே ஒரு பெருஞ்செல்வக் குடும்பம் இருந்தது. அடையாற்றிலோ, ஒரு மாதர் சங்கம் பலருடைய கையை நாடி நின்றது. பலர் கொடுத்த பொருளால் வாழும் நிறுவனத்திற்கு ஒரு தொல்லை உண்டு. ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நன்மையும் உண்டு. அதனைத் தம்முடையது என்று எண்ணுவோர் ஊர் முழுவதும் இருப்பர். அடையாற்று நிலையத்தில் வசதியுள்ளோர் கட்டணம் செலுத்துகின்றனர். இல்லாதோர் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ மருத்துவம் பெறுகின்றனர். செலுத்தியவருக்கு ஒரு மருத்துவம், செலுத்தாதவருக்கு ஒரு மருத்துவம் என்ற பிரிவு கூடாது என்பது அதனை நடத்தியோர் கடைப்பிடித்த நெறி.

நோயாளியின் சோற்றைப் பற்றிப் பேசும்போது, காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் என்னும் ஊர் என் நினைவுக்கு வருகிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் அது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அக்கோயிலைச் சார்ந்து வீரசோழன் என்னும் பெயரில் ஓர் ஆதுலர்சாலை நடந்தது. அதில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்துச் செடியும் விறகும் கொண்டு வருவோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள். ஒவ்வொருவருக்கும் இன்ன ஊதியம் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கின்றனர். நோயாளிக்கு நாள்தோறும் வழங்க வேண்டிய அரிசியும் அதில் உண்டு. இரவில் எரிய வேண்டிய விளக்குக்கு எண்ணெயும் உண்டு. அந்த விளக்கு எண்ணெயைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகும். இரவில் நோயாளி விழித்துக்கொள்வான், இருட்டு அவனை அச்சுறுத்தும் என்று எவரோ ஒருவர் அமர்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார் அன்றோ? கட்டடத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாமல், அக்கட்டடத்தில் கழியும் ஓர் இரவைப் பற்றியும் நினைத்திருக்கிறார்.

இத்தகைய நினைப்பு நம் காலத்திலும் அற்றுப்போகவில்லை என்பதற்கு ஒரு சான்று வேண்டுமானால், நாம் தமிழ்நாட்டை விட்டு வெகுதூரம் செல்ல வேண்டும். அடையாற்றிலிருந்தே ஒருவர் அங்குச் சென்றிருக்கிறார். அவரைப் பின்தொடர்ந்து நாமும் போவோம். அசாம் மாநிலத்தின் தென்கோடியில் பராக் ஆற்றின் பள்ளத்தாக்கு உள்ளது. அதன் தலைநகர்போல் விளங்குவது சில்சார். அங்கு வாழ்வோரிற் பலர் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் உழவுக் கூலிகளும் ஆவர். புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கம் மிகுதி. அதனால் வாய்ப் புற்றும் தொண்டைப் புற்றும் மிகுதி. பெரிய மருத்துவமனையைத் தேடிக் குவாகாத்திக்குப் போக வேண்டுமானால் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மலைப்பாதை. மழைக்காலத்தில் மண் சரிந்து வழி அடைபட்டுவிடும். இந்த நிலையில் அவ்வூர்ப் பொதுமக்களே ஒரு சங்கமாகக் கூடி, 1996ஆம் ஆண்டு காசார் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினர்.

அடையாற்று நிலையத்தில் அறுவை மருத்துவத் துறைக்குத் தலைவராயிருந்த டாக்டர் இரவி கண்ணன், 2007ஆம் ஆண்டு அந்தப் பதவியை விட்டுக் குடும்பத்தோடு சில்சாருக்குக் குடிபெயர்ந்தார். அவர் சென்று சேர்ந்தபோது அம்மருத்துவமனையில் பணியாற்றியோர் 23 பேரே. அங்கு அவர் கண்ட உண்மை கசப்பானது. மருத்துவத்தைத் தொடங்கியோருள் நூற்றுக்கு 28 பேர் மட்டுமே அதனை முடித்தனர். எஞ்சியோர் இடையில் நின்று போயினர். மருத்துவர் எவ்வளவு திறமையாக அறுத்தால் என்ன? மருந்து எவ்வளவு உயர்ந்ததாயிருந்தால் என்ன? நூற்றுக்கு 72 பேரிடத்தில் அது நீர்மேல் எழுத்து.

ஏன் வருவதில்லை என்று ஆராய்ந்தபோது, காரணம் மருத்துவப் புத்தகத்துக்கு வெளியே இருந்தது. ஆகவே மருந்தும் மருத்துவமனைக்கு வெளியே இருந்தே வந்தாக வேண்டியதாயிற்று. நோயாளிக்கு மருத்துவம் இலவசம், அது போதவில்லை. உணவும் தங்குமிடமும் இலவசமாக்கினர், அதுவும் போதவில்லை. துணைக்கு வந்தவரின் கூலி போகிறதே! அதற்கு அவர்கள் கண்ட வழியை நான் மிகவும் போற்றுகிறேன். நோயாளிக்குத் துணையாக வந்தவருக்கு மருத்துவமனையிலேயே தற்காலிகமாக ஒரு வேலை கொடுத்தனர். அன்றாடக் கூலி அன்றாடம் கையில் வந்தது. கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே என்னும் தாழ்வும் அதில் இல்லை. வர இயலாத நோயாளிகளின் வீட்டுக்கு மருத்துவமனைப் பணியாளர்கள் நெடுந்தூரம் பயணம் செய்து, வலியைத் தணிப்பது எப்படி, படுக்கையில் இருப்பவரைப் பேணுவது எப்படி என்று குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்து, மருந்தும் இலவசமாகக் கொடுத்து வந்தனர். நோய் தீராது என்று தெரிந்த பிறகும் நோயாளியைக் கைவிடுவதில்லை என்பது இதன் பொருள்.

இதன் பயனாக, மருத்துவத்தை முடித்தோரின் அளவு நூற்றுக்கு 28இலிருந்து 70 ஆக உயர்ந்தது. புதிய பொறி வாங்கியதனால் மட்டும் வந்த உயர்வு அன்று இது. சோற்றாலும் கூலியாலும் வந்த உயர்வு. டாக்டர் கண்ணனுக்கு 2020ஆம் ஆண்டு பத்மசிறீ விருதும், 2023ஆம் ஆண்டு மகசாய்சாய் விருதும் வழங்கப்பட்டன. அவ்வாண்டு அம்மருத்துவமனையில் பணியாற்றியோர் 451 பேர். ஆண்டுக்குச் சராசரியாக 5,000 புதிய நோயாளிகள் அங்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ மருத்துவம் பெற்று வந்தனர்.

சில்சாரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் பராக் ஆறு கரை உடைத்து நகரை மூழ்கடித்தது. 150 படுக்கைகள் கொண்ட அம்மருத்துவமனையைச் சுற்றிலும் வெள்ளம். ஆனால் மருந்தேற்றும் நாள் வெள்ளத்துக்காகக் காத்திருக்குமா? நீர் குறைவாயிருந்த சாலையோரத்தில் நோயாளிகளை அமர்த்தி, திறந்த வெளியிலேயே மருந்தேற்றினர். அந்நாள்களில் அம்மருத்துவமனை பொதுமக்களிடம் விடுத்த வேண்டுகோளில் கேட்கப்பட்ட பொருள்கள், மிதவைச் சட்டைகளும் காற்றடைத்த ஒரு தெப்பமும் ஆகும். பளிங்குக் கல்லில் பெயர் பொறிக்க விரும்பும் ஒருவர், புற்றுநோய் மருத்துவமனைக்குத் தெப்பம் கொடுப்பதை எண்ணியும் பார்த்திருப்பாரா? ஆனால் அந்த வாரத்தில் பணியாளரையும் நோயாளியையும் உள்ளே கொண்டு சேர்க்க வேண்டியிருந்தது தெப்பம்தான்.

ஆதலின் கொடை பற்றி என் கருத்து ஒன்றைத் துணிந்து கூறுகிறேன்; உடன்படாதோர் இருக்கலாம். இன்னதற்கே செலவிட வேண்டும் என்று கட்டுப்படுத்திக் கொடுக்கும் பணத்தைக் காட்டிலும், உங்களுக்கு எது தேவையோ அதற்குச் செலவிடுங்கள் என்று விட்டுக் கொடுக்கும் பணம் உயர்ந்தது. பொறியைக் கொடுப்போர் உண்டு. அப்பொறிக்கு ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்புச் செலவைக் கொடுப்போர் அரியர். கட்டடம் கொடுப்போர் உண்டு. அதைக் கூட்டித் துடைப்பவரின் சம்பளத்தைக் கொடுப்போர் எங்கே? சிலர் ஒரு தொகையை வைப்பு நிதியாக வழங்கி, அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு நோயாளிக்கு உணவளிக்கச் சொல்கின்றனர். இது பழைய கோயிற் கட்டளை முறையின் வழிவந்தது, நல்ல முறை. ஆனால் விலைவாசி ஏற ஏற வட்டி தேய்ந்து, ஒருவருக்கு மூன்று வேளை உணவளித்த கட்டளை இருபது ஆண்டில் ஒரு வேளைக் காப்பிக்கும் போதாமற் போவதுண்டு. மூலதனத்தை அவ்வப்போது கூட்டாவிட்டால், கல்லில் பெயர் இருக்கும். தட்டில் சோறு இராது. அதே வேளையில், கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது கொடையாளரின் உரிமை. தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் வெளியிடும் நிறுவனத்துக்கே கொடுங்கள். கணக்குக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது.

மாணவர்களாகிய உங்களிடம் பணம் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் உங்களுள் 18 வயது நிரம்பியோரிடம், எந்தச் செல்வந்தராலும் கடையில் வாங்க முடியாத ஒரு பொருள் இருக்கிறது. கடுமையான மருந்தேற்றும்போது நோயாளியின் எலும்பு மச்சை தளர்ந்து, இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்து போகின்றன. அப்போது சிறு காயமும் பேராபத்தாகும். பிறருடைய தட்டணுக்களை ஏற்றித்தான் அவரைக் காக்க வேண்டும். இத்தட்டணுக்களை வழக்கமான முறையில் 5 நாட்களுக்கு மேல் சேமித்து வைக்க இயலாது. ஆகையால் பொங்கலுக்கு ஒருமுறை ஆயிரம் பேர் வரிசையில் நின்று கொடுத்துவிட்டால் ஆண்டு முழுவதற்கும் போதும் என்று எண்ணக் கூடாது. தலைவர்களின் பிறந்த நாளில் இரத்தம் குவிகிறது. தேர்வு விடுமுறையில் வற்றிவிடுகிறது. விடுமுறையிலும் நோய் விடுமுறை எடுப்பதில்லை. ஒரு கல்லூரி மாணவர்கள் தமக்குள் முறை வைத்துக்கொண்டு, வாரத்துக்கு நால்வர் என்று ஆண்டு முழுவதும் சென்று வந்தால், அது ஒரு நாள் முகாமைக் காட்டிலும் மருத்துவமனைக்குப் பெருந்துணையாகும். உடல்நலம் உள்ள ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறையும், பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறையும் இரத்தம் கொடுக்கலாம்.

18 வயது ஆகாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வானொலியில் பேசுகிறேன் ஆதலால், வானொலி வழியாகவே நிகழ்ந்த ஒரு கொடையைச் சொல்லுகிறேன். அதில் ஒரு சிறுவனே நாயகன். 1948ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் புற்றுநோயோடு கிடந்த 12 வயதுச் சிறுவன் ஒருவனின் படுக்கையருகே ஒலிவாங்கி வைக்கப்பட்டது. அவன் பெயரை வெளியிடாமல் ஜிம்மி என்று அழைத்தனர். அவனுக்கு மிகப் பிடித்தது பந்தாட்டம். அவ்வூர் அணியின் வீரர்கள் ஒவ்வொருவராக அவனுடைய அறைக்குள் நுழைந்தனர்; அவன் மகிழ்ந்து கூவியது நாடெங்கும் கேட்டது. ஆட்டத்தைப் படுக்கையில் இருந்தே பார்க்க அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும். நேயர்கள் 20,000 டாலர் அனுப்பினால் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அது உதவும். அவனுக்கும் பெட்டி கிடைக்கும் என்று அறிவித்தனர். வந்து சேர்ந்த தொகை 2,31,000 டாலருக்கு மேல்.  இன்றும் ஜிம்மியின் பெயராலேயே அந்த நிதி நடந்து வருகிறது.

அம்மருத்துவமனையில் குழந்தைகளின் வெள்ளணுப் புற்றுக்கு வழி தேடியவர் டாக்டர் சிட்னி பார்பர். அதே 1948ஆம் ஆண்டு, 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் சிறிது காலம் தணிந்தது என்று அவரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்டனர். அதுவரை அந்நோய்க்கு எதுவும் பயன்பட்டதில்லை. அந்த மருந்தை ஆக்கிக் கொடுத்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் யார் தெரியுமா? பீமவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் அமெரிக்காவுக்குப் போகக் கையில் பணமில்லாமல் தவித்தபோது, மாமனார் திரட்டிய பொருளோடு, காக்கிநாடாவில் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் என்பவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை ஒன்றின் வாக்குறுதியும் அவருக்குத் துணைநின்றது. அந்த அறத்தை நிறுவியவர் புற்றுநோயை நினைத்து நிறுவவில்லை. பாஸ்டனைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருப்பாரோ, என்னவோ!

ஜிம்மியின் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. அந்தக் காலத்தில் இத்தகைய நோயோடு இருந்த பிள்ளை பிழைத்திருக்க மாட்டான் என்றே பணம் அனுப்பியவர் பலரும் எண்ணியிருந்தனர். ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. 1998ஆம் ஆண்டு, மெயின் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு சரக்குந்து ஓட்டுநர், தாமே அந்த ஜிம்மி என்று வெளிப்பட்டார். அவருடைய உண்மைப் பெயர் ஐனார் குஸ்தாவ்சன். மருத்துவத்தை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பியவர், வளர்ந்து, மணந்து, பெண்மக்களைப் பெற்று, பேரப்பிள்ளைகளையும் கண்டு, 2001ஆம் ஆண்டு தம் 65ஆம் வயதில் காலமானார்.